‘ஆறட்டும்’ அண்ணனுக்கு ஓவன் அறையின் அன்பு மடல்

சூட்டோடு சூடாக வாழ்ந்தும் சுடுசொல் அறியாத சீராளரே! கூழாய் வரும் சிலிகான் ரப்பரை மெத்தென்று இறுகவைத்து, ஊரார் உள்ளங்கால் நோகாமல் காத்த உத்தமரே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் ‘ஆறட்டும்’ அண்ணனே, வணக்கம்!

சுடுசொல் அறியாதவர் என்பது மடலின் அழகுக்காக எழுதியது. ரப்பர் கையுறையோடு அச்சைத் தொட்டவர்கள் உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எங்களுக்குத் தெரியாதா என்ன? அந்தக் கையுறையின் கந்தகம் பட்டால் நம் ரப்பர் எவ்வளவு சூட்டிலும் இறுகாது, பிசுபிசுப்பாகவே நின்றுவிடும் என்று நீங்கள் போடும் சத்தம் பேக்கிங் அறைவரை கேட்கும். மற்றபடி நீங்கள் பொறுமையின் மறுவுருவம். ஓவன் திறந்ததும் ஷூ மெத்தைகளைப் பிய்த்தெடுக்கத் துடிக்கும் கைகளைத் தடுத்து, “ஆறட்டும்பா, எங்க ஓடிப்போகப் போகுது?” என்பீர்கள். முதலாளியே வந்து நின்றாலும் அதே பதில்தான்.

அப்படிப்பட்ட நீங்களும் ஒருமுறை கோட்டைவிட்டீர்கள். சபையில் சொல்வதற்கு மன்னியுங்கள்.

அண்ணியின் பாதத்தில் ஆறாத புண். இனியும் அழுத்தம் பட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றார் மருத்துவர். கடையில் கிடைத்த எந்த மெத்தையும் அந்தப் பாதத்துக்குப் பொருந்தவில்லை. சிலை செய்யும் களிமண்ணில் அண்ணியின் பாதத்தைப் பதித்து, நீங்களே அச்செடுத்து வந்தீர்கள். ஊற்றினீர்கள், இறுகவில்லை. மறுபடி ஊற்றி, கூடுதல் நேரம் ஓவனில் வைத்தீர்கள். விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. “ஊருக்கெல்லாம் ஆகுது, என் வீட்டுக்கு மட்டும் ஆகமாட்டேங்குதே” என்று சுவரில் சாய்ந்து நின்றீர்கள். உங்கள் கண் கலங்கி நாங்கள் பார்த்தது அன்றுதான்.

கலவை அறைத் தங்கைதான் அந்த அச்சை எடுத்து முகர்ந்து பார்த்தாள். “அண்ணே, இந்தக் களிமண்ணுலயே கந்தகம் இருக்குண்ணே. எங்களைத் திட்டுவீங்களே, அதே கந்தகம்!”

நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள். “பயத்துல புத்தியே வேலை செய்யலம்மா.”

ஆளுக்கொரு கை கொடுத்தோம். பிளாஸ்டரில் புது அச்செடுத்து, ஈரம் போகக் காயவைத்து, ஊற்றினோம். இம்முறை பிசுபிசுப்பே இல்லாமல் இறுகியிருந்தது. ஓவனைத் திறந்ததும் முதலில் கையை விட்டுச் சுட்டுக்கொண்டவர் நீங்கள். “ஆறட்டும்ணே!” என்று கத்தியவர்கள் நாங்கள்.

புண் மெல்ல ஆறியது. இதோ, அண்ணி முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். வாசலிலிருந்து யார் தோளையும் பிடிக்காமல் நடந்தே வந்தார்.

அன்பு அண்ணனே! அள்ளிக் கொடுத்தீர்கள், அலுத்துக்கொண்டதில்லை. ஆனாலும் உங்கள்மேல் எங்களுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மெத்தை தேயத் தேய மாற்றியாக வேண்டும். நீங்கள் போனபின் யார் செய்து தருவார் என்ற கவலையில், போன வாரம் அந்தப் பிளாஸ்டர் அச்சைத் தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள். “வெளிய யாரையாவது பிடிச்சு செஞ்சுக்கறேன்பா” என்றீர்கள். வெளியில் யாரையாவதா? பிறகு நாங்கள் எதற்கு இருக்கிறோம்?

அச்சைத் தர மாட்டோம். அலமாரியின் மேல்தட்டில், துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறோம். முதலாளியும் சரியென்றுவிட்டார். அண்ணி நடக்கும் காலமெல்லாம் அவருடைய மெத்தை இந்த ஓவனில்தான் இறுகும். நீங்கள் நோய்நொடியின்றி, அண்ணியோடு கைகோத்து, நெடுங்காலம் நடந்துகொண்டே இருங்கள். தேய்ந்ததும் சொல்லியனுப்புங்கள்.

என்றும் உங்கள் தம்பிகளும் தங்கைகளும்,
ஓவன் அறை, கலவை அறை, பேக்கிங் அறை