பாரில் வேலை

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், டார்னெய்ட் புறநகருக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே, துறைமுக வேலை முடிந்து வந்த ஒருவரும் அவரைக் கூட்டிப்போக வந்த மனைவியும் இருந்தார்கள்.

“போன் எடுத்தா ‘பாரில நிக்கிறன்’ எண்டுறீங்கள். இனிக் குடிக்கமாட்டன் எண்டு மாதாவுக்கு முன்னால சத்தியம் பண்ணினது ஆர்?”

“ஐயோ, அது கடலுக்கடியில கிடக்கிற பாறை, கல்லுப் பாரப்பா! மன்னார்க்காரிக்குத் தெரியாதே? வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில கட்டின அலைத் தடுப்புச் சுவரை நீட்டப்போகினம். அதுக்குத்தான் பாரை உடைக்கிறம்.”

“ஓம், ஓம். எனக்கும் பார் தெரியும்.”

அவள் சரிந்து அவருடைய சட்டைக் கழுத்தை முகர்ந்து பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, கடலால வந்த மனுசனில உப்பெல்லோ மணக்கோணும். இதென்ன, மின்ட் டொபி மணக்குது?”

அவர் வாயில் இருந்ததை அவசரமாகக் கடித்து விழுங்கினார்.