பூசணிக்கு ஆகாதது

கேரட் கொடுக்கலாம், மேடம். பச்சையாகவே கொடுக்கலாம், பல்லுக்கும் நல்லது. வெள்ளரிக்காய்க்குத் தடையே இல்லை. ஆப்பிள் என்றால் விதையும் நடுத்தண்டும் இல்லாமல் நறுக்கிக் கொடுக்க வேண்டும். தர்பூசணிக்குத் தோலையும் விதையையும் எடுத்துவிட வேண்டும். பட்டாணி, பீன்ஸ் எல்லாம் உப்பில்லாமல் வேகவைத்தால் போதும். வாழைப்பழம் ஒரு துண்டுக்கு மேல் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் ஆகாது, ரத்தத்தைக் கெடுக்கும். திராட்சை ஆகவே ஆகாது, பச்சையானாலும் காய்ந்ததானாலும்.

அதனால் சற்றுமுன் நீங்கள் போனில் மகளிடம் சொன்னது தவறு. "திராட்சைதானே, ரெண்டு போடு, நாய்க்கு ஒன்னும் ஆகாது" என்றீர்கள். "ஆகும்" என்று நான் குறுக்கே சொல்லிவிட்டேன். நீங்கள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். நாய்க்கு எது ஆகும், எது ஆகாது என்று எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது என்று காலையிலிருந்து உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

உங்கள் போலீஸ் சீருடையில் ஒரு நாய் முடிகூட இல்லை. நாய் வளர்க்கிறவர் உடுப்பில் முடி ஒட்டாமல் நான் பார்த்ததில்லை. மகளாவது உண்டா என்று கேட்கப்போவதில்லை. கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தவறான பதில் ஒன்று காதில் விழுந்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார முடியாது. அதன் பிறகு "வேற என்னெல்லாம் ஆகாது?" என்று என்னிடம் கேட்டீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் மீதியையும் சொல்கிறேன். என்னிடம் ஒருவர் அப்படிக் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

என் பிழைப்பே அதுதான். மருத்துவமனைச் சமையலறையில் எந்த நோயாளிக்கு எந்தத் தட்டு போக வேண்டும் என்று முடிவு செய்கிறவன். இதயக்காரருக்கு உப்பு குறை, சிறுநீரகக்காரருக்குப் பழத்தைக் குறை என்று நாள் முழுக்க இதே வேலை. ஜனங்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. வயிற்றில் தையல் போட்ட மறுநாளே தலையணைக்கு அடியில் கேக் வைத்திருப்பார்கள். பார்க்க வருகிற சொந்தபந்தம் அதற்கு மேல். "பாவம், ஆசைப்பட்டுட்டாரு" என்று பையிலிருந்து எடுத்து ஊட்டுவார்கள். டாக்டர்கள் நுனிப்புல் மேய்கிறவர்கள். சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். பார்த்துக்கொள்கிறவன் நான்.

என் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி. ஊசி போட்டே ஆக வேண்டும், போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கும். வியர்க்கும், பேச்சு குழறும், அப்புறம் நினைவு போகும். விழுங்க முடிகிறபோதே ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். மற்றவர்களுக்குக் கை நடுங்கி முன்கூட்டியே தெரிந்துவிடும். இவளுக்கு வருஷம் போகப் போக அந்த உணர்வு மழுங்கிவிட்டது. அதனால் அவளுக்கும் சேர்த்து நானே கவனமாக இருந்தேன்.

சமைப்பதும் நான், அளந்து போடுவதும் நான். "என்னங்க, இத சாப்பிடலாமா?" என்று கேட்பாள். அந்த ஒரு கேள்வியில்தான் எங்கள் குடித்தனம் நடந்தது. ஒரு பேரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி நிற்பாள். நான் உடனே பதில் சொல்லமாட்டேன். கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று விடுவேன். அதற்குப் பெயர் அன்பு இல்லை என்றால் வேறு எதற்கு அந்தப் பெயர் என்று எனக்குத் தெரியாது.

அப்புறம் நாய் வந்தது. பழக்கடைக்குப் பின்னால் அழுகலைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்த தெருநாய். மஞ்சள் நிறம், உருண்டை வயிறு, பூசணி என்று பெயர் வைத்தாள். குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் நாய் நாய்தான் என்பார்கள். இவள் குளிப்பாட்டி, நடுவீட்டில் வைத்து, "அம்மாகிட்ட வாடி" என்று வேறு கூப்பிட்டாள். கல்யாணமாகிப் போன மகள் ஒருத்தி இருக்கும்போது இது இரண்டாவது மகள். இப்படி நாய்க்குத் தாய் தகப்பன் என்று சொல்லிக்கொண்டு திரிகிற கூட்டத்தை மாலையில் பூங்காவில் பார்த்திருப்பீர்கள். தங்கள் தட்டில் என்ன இருக்கிறது என்றே தெரியாதவர்கள், அதிலிருந்து எடுத்து நாய்க்கு வேறு ஊட்டுவார்கள்.

நான் படித்தேன், மேடம். என் வீட்டில் ஒரு வயிறு இருந்து, அதற்கு எது ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இருப்பதா? பழம், காய், கிழங்கு, கீரை ஒன்று விடாமல் படித்தேன். யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. பூசணிக்கு ஆப்பிள் கொடுக்கலாமா என்று அவள் நாய் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டாள். அதே சோபாவின் மறுகோடியில் நான் உட்கார்ந்திருந்தேன். விதையை எடுக்கச் சொல்ல அந்த ஆளுக்கு மறந்துவிட்டது. நானும் சொல்லவில்லை.

ஒரு விடுமுறை நாள், அவள் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். நாய் அவள் மடியில் முன்னங்காலை வைத்து முகத்தை நக்கி, வீடே அதிரக் குரைத்தது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை இறங்கியிருந்தது. தற்செயல் என்றேன். இன்னொரு நாள் குரைத்தது, அன்றும் இறங்கியிருந்தது. அதன் பிறகு அது குரைத்து ஒரு தடவைகூடத் தப்பாகப் போகவில்லை. வியர்வை வாடையில் கண்டுபிடிக்கும் என்று நாய் டாக்டர் சொன்னாராம். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று சொல்வார்கள். இந்த நாய்க்கு வேலை கிடைத்துவிட்டது. அது என்னுடைய வேலை.

அன்றோடு கேள்வி நின்றுபோயிற்று. பேரிக்காயைக் கடித்துக்கொண்டே சமையலறைக்குள் வருவாள். நான் பார்த்தால், "ஒன்னும் ஆகாதுங்க, பூசணி இருக்கா" என்பாள். தனியாகக் கடைக்குப் போனாள், தனியாகப் பூங்காவுக்குப் போனாள். தெம்பாகத்தான் இருந்தாள், அதை மறைக்கவில்லை. உடம்பிலும் ஒரு மினுமினுப்பு வந்திருந்தது. யாருடைய உழைப்பில் இத்தனை காலம் உயிரோடு இருந்தாள் என்பதைத்தான் மறந்துவிட்டாள்.

பிறகு மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. நான் லீவு சொல்லிவிட்டு வந்தேன், இருவருமாகப் போகலாம் என்று. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க வேணாங்க. நான் பூசணிய கூட்டிட்டுப் போறேன். நீங்க பக்கத்துல இருந்தா ஒரு வாய்கூட நிம்மதியா எறங்க மாட்டேங்குது."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பொறுத்திருப்பேன். அவள் விளையாட்டாகச் சொன்னாள், அதனால் அது உண்மை என்று தெரிந்துகொண்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறேன் என்று காலையில் என்னைக் கேலி செய்தீர்கள். சரியாகச் சொல்வதென்றால் நான் பூசணிக்காயை மறைக்கவில்லை, பூசணிக்காயில்தான் மறைத்தேன். அந்த நாய்க்கு வேகவைத்த பூசணிக்காயும் சோறும் பிசைந்து வைத்தால் தட்டையும் சேர்த்து நக்கும். காய்ந்த திராட்சையை அரைத்து அதில் கலந்தேன். அதுவரை நான் என் கையால் அதற்குச் சோறு வைத்ததே இல்லை. எனக்கும் அதற்கும் ஆகாது, அதுவும் அதற்குத் தெரியும். தட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "ஒன்னும் ஆகாது, தின்னு" என்றேன். வாலை ஆட்டிக்கொண்டே தின்றது. நாயின் நம்பிக்கையைப் பற்றி ஊரே புகழ்கிறது. எனக்கு அது கொஞ்சம் முட்டாள்தனமாகத்தான் பட்டது.

சில நாய்களுக்குத் திராட்சை ஒன்றும் செய்யாமலும் போகும். இது அந்த வகை இல்லை. வாந்தி எடுத்தது, தண்ணீர் குடிக்கவில்லை, பிறகு சிறுநீர் நின்றது. மச்சினன் வண்டி கொண்டுவந்தான். மனைவியின் தம்பி, மருந்துக்கடை வைத்திருக்கிறான், எதையும் இரண்டு தடவை கேட்கிற ஜென்மம். நாய் டாக்டர் எங்களிடம், "திராட்சை ஏதாவது தின்னுச்சா?" என்று கேட்டார். "அதெல்லாம் நாய் திங்குமா டாக்டர்?" என்றேன் நான். மச்சினன் அப்போதே என்னை ஒரு மாதிரி பார்த்தான். அவனுக்கு அப்போதே புரிந்திருந்தால் இன்று அக்காவுக்காக உங்களிடம் வந்து நின்றிருக்க வேண்டாம். நாய் அவள் மடியிலேயே போயிற்று.

இனிமேல் என்னிடம் வருவாள் என்று நினைத்தேன். நியாயமான எதிர்பார்ப்புத்தான். அழுது முடித்ததும் தலையைத் தூக்கி, "என்னங்க, இப்ப நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்பாள், நான் சொல்வேன், எல்லாம் பழையபடி ஆகும் என்றிருந்தேன். அவள் அழுதாள், மூக்கைச் சிந்தினாள், போய்ப் பெட்டியை எடுத்தாள். "மக இருக்கா, அவ பாத்துக்குவா" என்றாள். நாய் போய், அந்த இடத்துக்கு மகள் வந்துவிட்டாள். வரிசையில் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரியவே இல்லை.

மறுநாள் ராத்திரி ரயில். சாயங்காலம் மச்சினன் வந்து பெட்டியை எடுத்துப்போவதாக ஏற்பாடு. மதியம் வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டாள். பெட்டி கட்டியதில் இடுப்பு வலிக்கிறது என்று கட்டிலில் சாய்ந்தாள். "சாப்பாடு ஆனதும் எழுப்புங்க" என்றாள்.

சாப்பாடு ஏற்கெனவே ஆகியிருந்தது. அடுப்பை அணைத்து மூடி வைத்திருந்தேன். இதில் ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். எழுப்புங்க என்பது உத்தரவு. என் கீழே வேலை பார்க்கிற தட்டு கழுவுகிறவனிடம்கூட நான் அப்படிப் பேசமாட்டேன். சாப்பிடலாமா என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நிமிஷமே தட்டு போட்டிருப்பேன். கேட்கட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கையில் சர்க்கரைத் தண்ணீரும் வைத்திருந்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. முதலில் நெற்றியில் வியர்த்தது, பிறகு மேல் உதட்டில். போர்வையை விரல்கள் பிசைந்தன. ஒருமுறை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நேராக என் கையில் இருந்த டம்ளரைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். "என்ன வேணும், கேளு" என்றேன். நிதானமாகத்தான் சொன்னேன், மிரட்டவில்லை. நாக்கு அவளுக்குப் புரளவில்லை. அந்த வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது தெரியுமா? குரைக்க யாரும் இல்லை. இத்தனை நாளுக்கு அப்புறம் அவளும் நானும் மட்டும்.

அப்புறம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "பூசணி" என்றாள். இன்னொரு தடவையும் சொன்னாள்.

இத்தனை வருஷம் அளந்து அளந்து போட்டவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், கையில் டம்ளரோடு. உயிர் போகிற நேரத்தில் செத்துப்போன தெருநாயைக் கூப்பிடுகிறாள். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அவள் தலையைத் தடவி, "ஒன்னும் ஆகாது" என்றேன். டம்ளரைக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டிக் கழுவிக் கவிழ்த்தேன். திரும்பி வந்து மச்சினன் கதவைத் தட்டுகிற வரைக்கும் அதே நாற்காலியில் இருந்தேன். கொன்றேன் என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காத்திருந்தேன் என்று எழுதினால் இன்னும் சரியாக இருக்கும்.

என்ன கேட்டீர்கள்? மூடி வைத்திருந்தது என்ன சாப்பாடு என்றா?

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், மேடம்? நாய்க்கென்று வாங்கினதில் பாதி மீந்திருந்தது. வீணாகக் கூடாதே என்று அதையே வேகவைத்திருந்தேன். வீடு முழுக்க அந்த வாசனைதான். ஆமாம், பூசணிக்காய்தான்.

அதற்காக நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. அவள் நாயைத்தான் கூப்பிட்டாள். சோறு கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காதா?