கம்மி டோஸ்

— ஊதுங்க.

— எதுக்குடி? நான் என்ன குடிச்சிட்டு வண்டியா ஓட்டினேன்?

— ஊதுங்கன்னா ஊதுங்க.

— ஆஸ்பத்திரி வராண்டாவுல வச்சு புருஷனை ஊதச் சொல்றியே... பார்க்கிறவங்க சிரிப்பாங்க.

— ஏலக்கா வாசனை! பாத்ரூம் போயிட்டு வர எதுக்குங்க ஏலக்கா?

— தொண்டை கரகரன்னு இருந்துச்சு...

— தொண்டையில கேன்சர். பின்ன கரகரன்னு இல்லாம பாட்டா வரும்?

— மெதுவா பேசு.

— காய்கறி மண்டியில ஏலம் விடுறவர் என்னை மெதுவா பேசச் சொல்றார்! நீங்க ‘ஒரு தரம்’னா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும்.

— கேட்டுச்சு... இப்ப தராசுக்காரனுக்கே கேக்கறதில்ல.

— பேச்சை மாத்தாதீங்க. எத்தனை?

— ஒண்ணே ஒண்ணு. அதுவும் பாதிதான்.

— மீதியை யாருக்கு எடுத்து வச்சீங்க?

— அட, டாக்டரே சொல்லிட்டார். இது ஏதோ வைரஸால வந்ததாம், சிகரெட்டால இல்லையாம். நான் ஏன் அதை விடணும்?

— அடுத்து என்ன சொன்னார்?

— இந்த வகை கேன்சர் மருந்துக்கு நல்லா கட்டுப்படும், பிழைக்கிறவங்க நிறையன்னார்.

— அதுக்கும் அடுத்து?

— அதை விடு, வா, டீ குடிக்கலாம்.

— புகை பிடிக்கிறவங்களுக்கு அந்தக் கணக்கே வேறன்னார் இல்ல? திரும்ப வர்றதும் அதிகம், பிழைக்கிறது குறைவுன்னார் இல்ல?

— உனக்கெப்படித் தெரியும்? நீ ஸ்கேன் படம் வாங்கப் போயிருந்தியே.

— அன்னிக்கு வீட்டுக்குப் போற வழியெல்லாம் நீங்கதான் பெருமையடிச்சீங்க. ‘பழக்கம் உண்டா’ன்னு கேட்டாராம், ஐயா பளிச்சுன்னு ‘இல்லை’ன்னாராம்.

— அதனால என்ன கெட்டுப்போச்சு? பழக்கமே இல்லாதவங்களுக்குக் கதிர்வீச்சைக் குறைச்சுக் கொடுத்துப் பார்க்கிறாங்களாம், ஆராய்ச்சியாம். அதுல என்னையும் சேர்த்துக்கிட்டார். கம்மி டோஸு. எச்சில் வறளாது, குரலும் தப்பிச்சிடும்.

— அது சிகரெட் பிடிக்காதவங்களுக்கு அளந்த டோஸுங்க! உங்களுக்கு அது பத்தாம போனா?

— போகாது...

— போனா?

— ஏய்... அழறியா?

— பயமா இருக்குங்க. நீங்க இல்லாம என்னால முடியாது. அவ்வளவுதான்.

— கண்ணைத் துடை. எல்லாரும் பார்க்கிறாங்க.

— போய் உண்மையைச் சொல்லிடுங்க.

— டாக்டர் என்ன நினைப்பார்?

— என்ன வேணா நினைக்கட்டும்.

— முழு டோஸ்ல குரல் போயிட்டா? கையைத் தட்டியா ஏலம் விடுறது?

— தட்டுங்க. நான் பக்கத்துல நின்னு கத்தறேன்.

— நீ கத்தினா கத்திரிக்கா விலை பாதாளத்துக்குப் போயிடும்.

— போகட்டும். நீங்க இருந்தா போதும்.

— ...சரி. நிஜமாவே விட்டுடறேன். இந்தா, பாக்கெட்டை நீயே தூக்கிப் போடு.

— ஐயா, உள்ள வாங்க. கதிர்வீச்சு மாஸ்க்குக்கு முகத்தை அளவெடுக்கணும்.

— சிஸ்டர்... அதுக்கு முன்னாடி டாக்டரைப் பார்க்கணும்.

— என்ன விஷயம்?

— பழக்கம் இல்லேன்னு பொய் சொல்லிட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்தே பிடிக்கிறேன். இப்பகூட... வெளியில போய்...

— என்னங்க ஐயா இது! நீங்க சொன்னதை மட்டும் நம்பியா சேர்த்தோம்? மறுநாள் உங்க வீட்டம்மாவுக்கும் போன் பண்ணிக் கேட்டேனே!

— இவகிட்டயா? என்ன சொன்னா?

— அவங்களையே கேளுங்க.

— ஏய்... என்ன சொன்ன?

— ‘அவர் சிகரெட்டைத் தொட்டதே இல்ல’ன்னு பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணிட்டேங்க... மண்டியில அந்தக் குரலைக் கேட்டுட்டுத்தானே, கட்டினா இவரைத்தான் கட்டுவேன்னு வீட்டுல ஒத்தைக் கால்ல நின்னேன்.