சத்தம் கூடும் பக்கம்

உட்காரச் சொல்லாதீர்கள். நாற்காலியில் குறையில்லை, எனக்குத்தான் ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. நடந்துகொண்டே சொல்கிறேன்.

என் வேலை வௌவால். ஒரே அச்சில் வார்த்தது போன்ற இரண்டு இனங்கள் ஒரே காட்டில் எப்படி ஒத்துப்போகின்றன என்பதுதான் கேள்வி. ஒன்று மரங்களுக்கு மேலே இரை தேடும், மற்றது கீழே தேடும் என்று எழுதினேன். ஆய்வுக்கூடத்தில் எனக்கிருந்த மரியாதையெல்லாம் அதனால் வந்தது. பிறகு மனைவியின் தம்பியை நானே சிபாரிசு செய்து வேலைக்குச் சேர்த்தேன். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான்.

வௌவால்களின் முதுகில் ஒட்டிய ரேடியோ வில்லைகளின் சிக்னலை அவன் ட்ரோனிலிருந்து பிடித்தான். இரண்டு இனமும் ஒரே உயரத்தில்தான் பறந்தன. இரைதான் வேறு.

"தப்பா எடுத்துக்காதீங்க அத்தான். நம்ம ரெண்டு பேர் பேருலயுமே வெளியிடலாம்," என்றான். அந்தத் தாராள மனசுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அதன்பின் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பேன்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஆண்டெனா பிடிப்பவன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வில்லையின் சிக்னல் சத்தம் கூடும் பக்கம் நடப்பான். தரையைப் பார்க்கமாட்டான். அதைப் பார்க்கத்தான் கூட ஒருவர் போவது. அன்று அந்தி மங்கும் நேரத்தில், "மேலேருந்து கேமராவுல நான் பாத்துக்கறேன், நீ நட," என்றேன். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிளம்பினான். ஒரு வௌவாலிடமிருந்து உதிர்ந்த வில்லை இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. அதை ட்ரோனின் அடியில் ஒட்டியிருந்தேன். ட்ரோனைப் பழைய கல்குவாரிப் பள்ளத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினேன்.

பாதி வழியில் வாக்கிடாக்கியில் கேட்டான். "அத்தான், வழி சரியா இருக்கா?"

"நேரா போ. தரை சமமாத்தான் இருக்கு."

விழுந்த பிறகும் "அத்தான்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ட்ரோனில் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்ததால் முதலில் அதைப் பத்திரமாக இறக்கினேன். ஆய்வுக்கூடத்துச் சொத்து, உடைந்தால் யார் பதில் சொல்வது? இறக்கித் துடைத்துப் பெட்டியில் வைத்தபோது கூப்பிடுவது நின்றிருந்தது.

ஆமாம், நான்தான் செய்தேன். ஆனால் தள்ளிவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். என் மனைவிக்கு இருந்த ஒரே தம்பி. அவன்மேல் என் கை ஒரு நாளும் பட்டதில்லை, வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள்.