நாப்பத்தொண்ணாம் பக்கம்

எழுத்தாளருன்னு நீங்க சொல்லிக்குங்க அம்மிணி, என்ற வாயில அது வராது. பத்து வருசம் இதே ஜீப்புல, இப்ப நீங்க உக்காந்திருக்கறீங்களே அதே சீட்டுல வெச்சு, இந்த மலை பூரா அவரச் சுத்திக் காட்டுனவன் நானு. மெட்ராசுல உங்க பதிப்பகத்துக்கு வேணா அவரு அன்பழகன் அய்யா, கொழந்தைங்களுக்கு வரலாறு எழுதற பெரிய மனுசன். ஏற்காட்டுல இந்தச் சென்றாயனக் கேளுங்க. வெள்ளை ஷூவுல சேறு ஒட்டிக்குமுன்னு ஜீப்ப விட்டு எறங்காத மனுசன்.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். கோயிலோ, குகையோ, இடிஞ்ச பங்களாவோ, கண்ணாடிய எறக்குவாரு, ஒரு போட்டோ எடுப்பாரு, நோட்டுல நாலு வரி கிறுக்குவாரு. வண்டிய எடு சென்றாயாம்பாரு. அவ்வளவுதானுங்க, வரலாறு முடிஞ்சுது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊட்டுல இருந்தாகோணும்.

எப்படி எழுத வந்தாருன்னு உங்ககிட்டயும் சொல்லியிருப்பாரே? சேலத்துல இன்சூரன்ஸ் ஆபீசுல இருந்தப்ப, பையனோட பள்ளிக்கூடத்துப் போட்டிக்கு ஒரு ராசா கதை எழுதிக் குடுத்தாராம். அது பிரைஸ் வாங்கிருச்சாம். அன்னிக்குப் புடிச்ச சனியன். இப்ப அறுபத்திமூணு புஸ்தகம்! அத்தனையும் எம்புள்ளை கீர்த்திகாவுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு, நானும் படிச்சுத் தொலைச்சிருக்கேன். எல்லா ராசாவும் பத்து வயசுல மொரட்டுக் குதிரைய அடக்கறான். எல்லா ராசாவும் இடுப்புல கைய வெச்சுக்கிட்டு ஹா ஹான்னு சிரிக்கறான். ஒரு புஸ்தகத்துல ஆயிரம் வருசத்துக்கு முந்துன கல்யாணத்துல உருளக்கெழங்குப் பொரியல் வெச்சுட்டாருங்க. உருளக்கெழங்கு வெள்ளக்காரன் கொண்டாந்ததுன்னு எங்க காட்டுல களை வெட்டறவங்களுக்குக் கூடத் தெரியும். சொன்னேன். கொழந்தைங்களுக்குப் புடிக்குமுல்லப்பான்னாரு. என்னத்தச் சொல்றது?

அதுக்கு விருது வேற. கண்ணாடி தொடைக்கறேனே இந்தத் துணி, அது மேடையில அவருக்குப் போத்துன பொன்னாடைதான். தண்ணிய உறிய மாட்டேங்குது, அவராட்டமே பளபளப்பு மட்டுந்தான்.

இருங்க, இந்த வளைவுல எதுக்க பஸ் வரும். ம், போயிருச்சு.

ஏனுங்க, இப்ப அவருகிட்ட எதுக்குக் கையெழுத்து வாங்கப் போறீங்க? குகைக்குள் ஒரு வாத்தியார் புஸ்தகத்துக்குத்தான? நெனச்சேன். புதுசா அச்சடிச்சு எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பப் போறீங்களா? நல்லாருக்குதுங்க உங்க நாயம்! அதுல நாப்பத்தொண்ணாம் பக்கம் படிச்சீங்களா? சுதந்திரத்துக்குப் போராடுன வாத்தியாரு ஒருத்தரு, சேலத்துல இருந்து தப்பிச்சு வந்து காப்பிக் காட்டுக் குகையில ஒளிஞ்சிருந்தாரு. செம்மநத்தத்துக் காளியப்பன் எஸ்டேட்டுத் தொரைகிட்டப் போயி காட்டிக் குடுத்தான். வாத்தியாரு ஜெயில்லயே செத்துட்டாரு. அப்படித்தான போட்டிருக்குது?

அந்தக் காளியப்பனோட பேரன் பொன்னுவேலு என்ற சேக்காளி. அவன் புள்ளை சுதாராணி, ஏழாவது படிக்குது. படிச்சுதுன்னு சொல்லோணும். போன வருசம் ஆண்டுவிழாவுல இந்தக் கதைய நாடகமாப் போட்டாங்க. காளியப்பன் எந்த ஊட்டு ஆளுன்னு ஊருல ஒருத்தன் சொல்ல, பள்ளிக்கூடம் பூரா தெரிஞ்சு போச்சு. மறுநாள்ல இருந்து அந்தப் புள்ளைக்குப் பேரே காட்டிக்குடுத்தவதான். பைமேல எழுதறது, பக்கத்துல உக்கார மாட்டேங்கறது. ஒரு மாசம் பல்லக் கடிச்சுப் பாத்துது. பொறவு போகவே மாட்டேன்னுருச்சு. இப்ப அவங்கம்மாகூட மொளகு பொறுக்கப் போகுதுங்க. நொம்ப நல்லாப் படிக்கற புள்ளை. நான் ஜீப்புல அந்தப் பக்கம் போறப்ப அது தலையக் குனிஞ்சுக்கும்.

பொன்னுவேலு போயி கேட்டானுங்களே! அந்தப் பெரிய மனுசன் என்ன சொன்னாரு தெரியுமா? வரலாறுன்னா கசக்கத்தான் செய்யும் தம்பின்னாரு. கசக்குமாமா! எறங்கி ஒரு ஊட்டுல, ஒரே ஒரு ஊட்டுல, இது நெசமான்னு கேட்டிருப்பாரா? ஜீப்புல யாரோ ஒருத்தன் சொன்னான், எழுதிட்டாரு. இன்னொருத்தன்கிட்ட ஒருக்கா விசாரிக்கோணுமுன்னு கூடத் தோணாத ஆளுக்கு எதுக்குங்க பேனா?

பொய்யின்னு எப்படித் தெரியுமா? தெரியும்.

தெரியுமுன்னா தெரியும், விடுங்க.

காளியப்பன் பேர மட்டும் எடுத்துரலாமா? எடுத்துட்டு ஒரு கிராமத்து ஆளுன்னு போட்டா? நீங்க நல்ல புள்ளை அம்மிணி, நல்ல மனசோட சொல்றீங்க. ஆனா ஆவாதுங்க. பசங்க அந்த எடத்துல பழைய பேரத்தான வெச்சுப் படிப்பாங்க? பேர மறைச்சுட்டாங்கடி, அப்ப நெசந்தான்னு இன்னும் ஏறி மிதிப்பாங்க. வேற பேரு வந்தாகோணும். சரியான பேரு.

இதோ, அந்தப் பச்சை கேட்டுதான் அவரு ஊடு. ஒரு நிமிசம், எறங்காதீங்க. இஞ்சின அணைச்சுட்டுச் சொல்றேன்.

ஜீப்புல சொன்ன அந்த ஒருத்தன் நாந்தானுங்க.

உங்க மலையில என்னப்பா வரலாறு இருக்குது, டூரிஸ்ட்டும் கொரங்குந்தான்னு சொன்னாரு. எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. எங்கப்பன் குடிச்சாச் சொல்லி அழுவற கதை ஒண்ணு இருந்துது, வாத்தியாரு கதை, அத எடுத்து உட்டேன். காட்டிக் குடுத்தது யாருன்னாரு. தெரியாதுங்கன்னேன். பேரு வேணுமப்பா, கொழந்தைங்களுக்கு வில்லன் வேணுமுன்னு நச்சரிச்சாரு. அப்ப வண்டி காளியப்பன் ஊட்டத் தாண்டிப் போயிட்டிருந்துது. செத்துப் போன ஆளுதான, யாரு கேக்கப் போறான்னு வாயில வந்துருச்சு. அவரு எழுதிட்டாரு. பொன்னுவேலே வந்து எங்கிட்டக் கேட்டான், நெசமாலுமே எங்க தாத்தன் அப்படிச் செஞ்சிருப்பாராடா மச்சான்னு. கதை கட்டுனவன்கிட்டயே! பழசெல்லாம் யாருக்குடா தெரியுமுன்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்புனேன். மனுசனுங்களா நானு?

தொரைகிட்டப் போனது எங்க தாத்தனுங்க. எங்கப்பனப் பெத்த சின்னாண்டி. எங்கப்பன் குடிச்சுட்டு அழுததும் அதுக்குத்தான். சி, ன்னா, ண்டி. எழுதிக்குங்க. அவருகிட்டயும் நானே வந்து சொல்றேன், வாங்க.

சுதாராணிய மொதமொதல்ல காட்டிக்குடுத்தவளேன்னு கூப்புட்டதே எம்மவ கீர்த்திகாதான். ஒரே பெஞ்சு. அன்னிக்கு ஊட்டுக்கு வந்து எங்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. சாயங்காலம் பள்ளிக்கூடம் உட்டு வந்ததும் அவகிட்டச் சொல்லோணும்.