அளக்க அனுமதி

எழுத்தில் கேட்ட அனுமதிக்குப் பதினான்கு நாளுக்குள் பதில் தர வேண்டும். முடியாவிட்டால் ஏன் முடியாதென்றாவது எழுத வேண்டும். பணிக்காலம் முழுவதும் நான் பிறருக்கு ஞாபகப்படுத்திய விதி இது. ஹட்டனிலிருந்து அக்கரப்பத்தனை போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு பல்கலைக்கழக மாணவியும் அவள் மாமாவும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"இருந்த வீட்ட அளக்க எதுக்கு பாப்பா தோட்டத்துத் தொரைக்கிட்ட பர்மிஷன்? டேப்ப புடிச்சி இழுத்திருந்தா முடிஞ்சிருக்குமே."

"லயத்து வீடெல்லாம் தோட்டத்துக்குச் சொந்தம் மாமா. எழுத்துல அனுமதி இல்லாம கம்பஸ்ல ஏத்துக்க மாட்டாங்க. கணிய அளவையியல்ல கடைசி வருஷ வேல. லயத்துக்குப் பின்னால மண்ணு சரியாம சுவர் கட்ட என்ன செலவாகும்னு போடுறது."

"ஒங்கம்மா லயம் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிச்சே, எம்மக சுவர் கட்டப்போறான்னு."

"கட்டுறது இல்லம்மா, கணக்கு மட்டுந்தான்னு எத்தன வாட்டி சொன்னேன். அதுக்கு வெளங்கவே இல்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எப்பவோ கேட்டதுக்கு இப்ப அளந்துக்கலாம்னு கடுதாசி வந்திருக்கு மாமா. எத அளக்குறது? வீட்டையும் அம்மாவையும் சேத்துல்ல மண்ணு மூடிருச்சு."

தோட்ட அலுவலகக் கோப்பில் அது 'பதில் அனுப்பப்பட்டது' என்றே இருக்கும்.

"எங்கிட்ட சொல்லவே இல்லியே பாப்பா. எப்ப வந்துச்சு?"

"கருமாதி அன்னைக்கு."