பிழைத்த பன்றியின் இரத்தம்

இன்னாசிப்பிள்ளை: ...நாய் கடிச்சது எண்டு சொல்லுறன், டாக்குத்தர். பிறகும் ஏன் அந்தப் பண்டியின்ட காதைப் பிடிச்சுப் பார்க்கிறீங்க?

டாக்குத்தர்: ரெண்டு காது நுனியும் ஒரே அளவில போயிருக்கு. ஒழுங்கான நாய்தான்.

மார்த்தா: சம்மந்தி வீட்டு நாய் எல்லோ. அதுக்கும் ஒரு மரியாதை இருக்கும்.

இன்னாசிப்பிள்ளை: சம்மந்தி, செத்தது உங்கட பண்டி. இவரை என்ட கூட்டுக்கு ஏன் கூட்டிக்கொண்டு வந்தீங்க?

மார்த்தா: ஊரில வேற ஆர் பண்டி வளர்க்கிறது எண்டு கேட்டார். உங்கட பேரைச் சொல்லாமல் ஆற்ற பேரைச் சொல்லுற?

இன்னாசிப்பிள்ளை: உடப்பில இருந்து வந்த சைவப்பிள்ளை எனக்குப் பண்டி வளர்க்கச் சொல்லித் தரப் போறார்!

டாக்குத்தர்: தின்னுறதில்லை ஐயா, பண்டிக்கு வைத்தியம் மட்டும் தெரியும். கேளுங்க... மார்த்தாம்மாட கூட்டில பதின்மூண்டில ஒன்பது போயிட்டுது. மிச்சம் நாலு. அதுகளுக்கு இன்னும் காய்ச்சல் இல்லை. இண்டைக்கு விட்டால்...

இன்னாசிப்பிள்ளை: ஊசி போடுறதுதானே?

டாக்குத்தர்: சீமையில சண்டை தொடங்கின பிறகு அந்த மருந்து கிடைக்கிறதில்லை. கொழும்புக்கு ரெண்டு தந்தி அடிச்சன்.

மார்த்தா: மறுமொழிகூட வரேல்ல.

இன்னாசிப்பிள்ளை: நெஞ்சுச்சளிக்கு எதுக்குத் தந்தி? சோளகக்காத்து அடிக்குது, இருமிச் செத்துது. அதுக்குப் போய்ப் பண்டிக்காய்ச்சல் எண்டு பேர் வைக்கிறீங்க.

டாக்குத்தர்: சாகடிச்சது சளிதான், ஓம். உள்ள விட்டது காய்ச்சல். பூதக்கண்ணாடியில வச்சாலும் தெரியாத கிருமி அது. இரத்தத்தில காவல் நிக்கிற வெள்ளை அணுக்களைத்தான் முதல்ல அழிக்கும். அதுக்குப் பிறகு, சும்மா மூக்கில கிடந்த சளிக்கிருமியே நெஞ்சுக்க இறங்கிப் பண்டியைச் சாய்ச்சுப்போடும்.

மார்த்தா: காவல்காரனைச் சாக்காட்டிப்போட்டு, கள்ளனுக்கு வாசலைத் திறந்து விட்ட மாதிரி.

டாக்குத்தர்: அதேதான். ஆனா ஒண்டு ரெண்டு தப்பும், ஐயா. தப்பினதின்ட உடம்பு அந்தக் கிருமியை அடையாளம் பிடிச்சிடும். அதை முறிக்கிற மருந்தைத் தன்ட இரத்தத்திலேயே உண்டாக்கி வச்சிருக்கும். அந்த இரத்தத்தை எடுத்து உறைய விட்டால், மேல தண்ணி தெளிஞ்சு வரும். அதை நல்ல பண்டிக்கு ஏத்தினால்...

மார்த்தா: எத்தனை நாளைக்குத் தாங்கும்?

டாக்குத்தர்: ரெண்டு மூண்டு கிழமை. அதுக்குள்ள பழைய கூட்டை எரிச்சு, வேற இடத்தில புதுசு அடிக்கவேணும்.

மார்த்தா: என்ட கறுப்பி குட்டி போட இன்னும் பத்து நாள்தான். அந்தக் குட்டிகள் இருந்தால் திரும்ப எழும்பலாம். அதுவும் போனால் மகன் அல்பிரட் கற்பிட்டிக்குப் போய்க் கருவாட்டு வாடியில நிக்கவேண்டியதுதான்.

இன்னாசிப்பிள்ளை: அப்ப என்ட மகள்?

மார்த்தா: ஜூலியானா புருசனோடதான் போவாள். மீன் வெட்டப் பழகட்டும்.

இன்னாசிப்பிள்ளை: என்ட மகளா... வாடியில?

டாக்குத்தர்: அதாலதான் திரும்பத் திரும்பக் கேக்கிறன், ஐயா. காய்ச்சல் வராத பண்டியின்ட இரத்தம் வெறும் இரத்தம்தான். இந்தத் தாய்ப்பண்டிக்கு வந்ததா, இல்லையா?

இன்னாசிப்பிள்ளை: என்ட அப்பர் காலத்தில இருந்து கோயில் திருநாளுக்கு இறைச்சி போறது இந்தக் கூட்டில இருந்து. இங்க நோய் வந்ததெண்டு ஒருத்தன் வாய் திறக்கேலாது.

டாக்குத்தர்: சரி. அப்ப நான் வெளிக்கிடுறன். மார்த்தாம்மா, புதைக்க ஒரு கிடங்கு வெட்டி வையுங்க.

மார்த்தா: நாலுக்குமா? கறுப்பிக்கும்?

டாக்குத்தர்: மருந்து இல்லாட்டி வேற வழியில்லை. ஊரெல்லாம் பரவ விட ஏலாது.

மார்த்தா: சரி... வாங்க. சம்மந்தியை மினக்கெடுத்த வேண்டாம்.

இன்னாசிப்பிள்ளை: நில்லுங்க.

மார்த்தா: ஏன்?

இன்னாசிப்பிள்ளை: எவ்வளவு இரத்தம் எடுப்பீங்க, டாக்குத்தர்?

டாக்குத்தர்: காய்ச்சல் வராத பண்டியெண்டால் ஒரு துளியும் வேண்டாம்.

இன்னாசிப்பிள்ளை: ...மாசி மாசம். பன்னிரண்டு நாள் ஒண்டும் தின்னேல்ல. காது நுனி நீலம் பாரிச்சு உதிர்ந்துது. என்ட பெண்சாதி பவுலினாதான் கஞ்சித்தண்ணியைச் சீலையில நனைச்சு வாயில பிழிஞ்சு விட்டவள். ஒருத்தருக்கும் மூச்சு விடாதே எண்டு சொல்லி வச்சன்.

டாக்குத்தர்: அப்ப அந்த நாய்?

இன்னாசிப்பிள்ளை: இந்த வீட்டில நாயே இல்லை.

டாக்குத்தர்: ஐயா, சிரிக்கிறன் எண்டு நினைக்காதீங்க... நீங்க சொன்னது நாலு உயிர். இல்லை, கறுப்பியின்ட வயித்தில இருக்கிறதையும் சேர்த்து எண்ணவேணும். கயித்தைப் பிடியுங்க.

இன்னாசிப்பிள்ளை: இன்னும் இருக்கு. சம்மந்தி, பாஸ்குப் பெருநாளுக்கு முதல் ஜூலியானாவுக்கு ஒரு பெட்டைக்குட்டி அனுப்பினன்...

மார்த்தா: கயித்தை இறுக்கிப் பிடியுங்க, சம்மந்தி. இழுக்குது.

இன்னாசிப்பிள்ளை: சொல்ல விடுங்க! அது இந்தத் தாயின்ட குட்டி. அனுப்பேக்கயே இருமினது. தாறன் எண்டு சொல்லிப்போட்டுத் தராட்டி, உங்கட வீட்டில மகளை என்ன நினைப்பீங்களோ எண்டு அனுப்பிப்போட்டன். உங்கட ஒன்பதையும் சாக்காட்டினது நான். நீங்களோ, சிலாபம் சந்தையில வாங்கின பண்டியாலதான் வந்ததெண்டு ஊர் முழுக்கச் சொல்லுறீங்க. நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திட்டன்.

மார்த்தா: சிலாபம் சந்தையில நான் பண்டி வாங்கவே இல்லை, சம்மந்தி. உங்கட குட்டி இருமினதை வந்த அண்டைக்கே கண்டிட்டன். என்ட மருமகள் ஊருக்குள்ள தலை குனிஞ்சு நடக்கக்கூடாது எண்டுதான் அப்படிச் சொன்னன்.